கதாநாயகியின் கடிதங்கள் வந்த வழி

நான் எழுதியவை ஐந்து நாவல்கள். அவற்றுள் மூன்றாவதே எனக்கு வாசகரைத் தேடித் தந்தது. அதை எவ்வாறு எழுதினேன் என்று வினவியவர்களுக்கெல்லாம் பல ஆண்டுகளாக ஒரே விடையைச் சொல்லி வந்திருக்கிறேன். அவ்விடை முழுமையானதன்று. பிறர் திருத்துவதற்கு முன் நானே அதைத் திருத்திவிடுவது என் மதிப்புக்கு உகந்தது என்று கருதி இதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதியில், இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் பெரிய கிளாக்கராகப் பணியாற்றினேன். மலைநாட்டு மிஷன் கல்லூரி ஒன்றில் படித்துத் தேறியவன். ஆங்கில நாவல்களை அகராதியின் துணையின்றி வாசிக்கக் கூடியவன். எங்கள் பகுதியில் அத்தகையோர் மிகச் சிலரே. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதை விளங்கிக்கொள்ள இது தேவைப்படும்.

எப்பொழுது எழுதுவீர்கள் என்று கேட்பவர்களுக்கு என் விடை எளிதானது. மழை பெய்தால் எழுதுவேன். ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் சிரட்டையில் சேரும் பாலை மழைநீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே விடியற்காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கூடிய ஆட்களைத் தோட்டத் துரை வானத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர்கள் தலையில் போட்ட சாக்குக் கொங்காணியோடு தங்கள் லயக் குடியிருப்புகளுக்குத் திரும்புவார்கள். அன்று அவர்களுக்கு வேலை இல்லை. செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் பேரும் இல்லை. எனக்கோ அலுவலகத்தில் ஒரு முழுக் காலைப்பொழுது ஓய்வு கிடைக்கும். மேசையின் இடப்பக்க இழுப்பறையைத் திறந்து என் கையெழுத்துப் பிரதியை வெளியே எடுப்பேன்.

"மழை வந்தா எங்க பேரு போயிருதுங்க, ஐயா பேரு மட்டும் பேப்பர்ல வந்துருது" என்று கங்காணி ஒருவர் ஒருமுறை சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஆயினும் மறக்கவுமில்லை.

எங்கள் சப்பிரகமுவை மாகாணத்தில் மழைக்குக் குறைவில்லை. எனது முதலிரண்டு நாவல்களும் இரண்டு மழைக்காலங்களில் முடிந்தன. இரும்புக் கூரையில் விழும் மழையோசை இல்லாத வீட்டில் இன்றும் என்னால் ஒரு பத்தி ஒழுங்காக எழுத முடிவதில்லை. கோட்டு அணியாமலும் நான் எழுதியதில்லை. எழுத்து உத்தியோகத்தைவிட உயர்ந்தது. உத்தியோகத்துக்கே கோட்டு அணிகிறவன் எழுத்துக்கு அணியாதிருப்பது முறையன்று என்பது என் கொள்கை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெஹியோவிட்டக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையின் பின்னறையில் நாங்கள் மூவர் கூடுவோம். மூவருமே நாவலாசிரியர்கள். கடையின் முதலாளி ஒரு முஸ்லிம். மூன்று தலைமுறையாக அவ்வூரிலேயே வணிகம் செய்துவந்த குடும்பத்தவர். சிங்களத்தையும் தமிழைப் போலவே சரளமாகப் பேசுவார். அரசர்களையும் கடற்கொள்ளைக்காரரையும் வைத்து நாவல் எழுதுவார். மற்றவர் எஹலியகொடப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். யாழ்ப்பாணத்தவர். துப்பறியும் கதைகள் எழுதுவார். அவருடைய கதைகளில் நஞ்சில்லாமல் எவரும் இறப்பதில்லை.

அந்தப் பின்னறையின் மணம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. புதுத்துணியின் கஞ்சி வாடை, முதலாளி வீட்டிலிருந்து வரும் இஞ்சிபோட்ட வெறுந்தேநீர், டிஸ்பென்சரின் விரல்களில் எப்போதும் இருக்கும் அயோடின். திறமையான மூன்று மனிதர்கள் ஒருவரையொருவர் சிறிதும் பாராட்டாமல் இத்தனை மகிழ்ச்சியாக இருந்ததை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

"கிளாக்கரய்யா, நீங்க கோட்டுப் போட்டுக்கொண்டு எழுதுறதாலதான் உங்கட கதையில ஒருத்தருக்கும் வேர்க்கிறல்ல" என்பார் முதலாளி.

"உங்கள் கதையில் வேர்வைதான் அதிகம்" என்பேன் நான். "கப்பல், பாலைவனம், குதிரை. தெஹியோவிட்டவைத் தாண்டாத மனிதருக்கு இதெல்லாம் எங்கிருந்து வருகிறது?"

எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குத் தெரிந்ததே. துணி மடித்துக் கொடுப்பதற்காகக் கொழும்பிலிருந்து பழைய தாள் கட்டுகள் அவருக்கு வரும். அவற்றுள் சென்னையில் அச்சிட்டுத் தைக்காமல் விட்ட நாவல்களின் தாள்களும் கலந்திருக்கும். தலைப்பும் இராது, முடிவும் இராது. நடுவிலே பதினாறு பக்கங்கள் மாத்திரம் கிடைக்கும். அவர் கவுண்டரில் நின்றபடியே அவற்றை வாசிப்பார். எஞ்சியதைத் துணிச்சுருளின் அட்டைகளில் தாமே எழுதுவார்.

"ஒருத்தி ஆத்துல பாயப் போறா. அடுத்த தாள் இல்ல. அவவ நான் காப்பாத்தாட்டி ஆர் காப்பாத்துற?" என்று கேட்பார். அவருடைய இலக்கியத் தூண்டுதல் அவ்வளவுதான். அதைவிட நேர்மையான விடையை நான் எந்த எழுத்தாளரிடமும் கேட்டதில்லை.

டிஸ்பென்சரின் முறை வேறு. "நான் முடிவை முதல்லை எழுதிப்போட்டுத்தான் தொடங்கிறனான். கொலைகாரன் ஆரெண்டு தெரியாமல் பிரேதத்தை எங்கை காணும் வைக்கிறது?" பிறர் நாவலையும் அவர் கடைசிப் பக்கத்திலிருந்தே வாசிப்பார். அது கல்லாதவர் பழக்கம் என்று நான் கண்டிப்பேன். "உம்மட கதையளைக் கடைசியிலை இருந்து வாசிச்சால்தான் காணும் கெதியாய் முடியுது" என்பார்.

என்னிடம் தூண்டுதலைப் பற்றிக் கேட்டால், கல்லூரியில் வாசித்த ஐரோப்பிய நாவல்களே என் ஆசான்கள் என்று சொல்வேன். முதலிரண்டு நாவல்களைப் பொறுத்தவரை அது உண்மை. அவற்றை வாசித்தவர்கள் அதனை எளிதில் நம்பினார்கள்.

இனி மூன்றாவது நாவலுக்கு வருகிறேன்.

தோட்டத்தில் எழுதத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது கிளாக்கரின் உத்தியோகத்தில் சேர்ந்ததன்று, ஆயினும் வழக்கம். அவர்களுக்கும் மழை நாளிலேதான் நேரம் கிடைக்கும். அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று சொல்வார்கள், நான் எழுதுவேன். சொல்வதை அப்படியே எழுதுவதில்லை. கடிதத்துக்கு ஒரு முறை உண்டு. விளிப்பு, க்ஷேமம் கூறல், க்ஷேமம் கேட்டல், முடிவு. என் கையெழுத்தில் கடல் கடந்து போகும் ஒரு தாளை அந்த ஊர் வாத்தியாரோ தபால்காரரோ சத்தமாக வாசிப்பார். அதிலே கொச்சை இருந்தால் குறை எழுதியவனைச் சேரும் அல்லவா? இவ்வாறே எண்ணினேன். அவர்களுக்கு நான் செய்யும் உதவி அது என்றும் நம்பினேன்.

அந்நாவலை எழுதிக்கொண்டிருந்த ஆண்டில், பால் வெட்டும் பெண் ஒருத்தி முதன்முறையாகக் கடிதம் எழுதுவிக்க வந்தாள். புதுக்கோட்டைப் பக்கம், இருபத்தைந்து வயதிருக்கும், தாயோடு சண்டையிட்டுக்கொண்டு தனியே கடல் கடந்து வந்தவள். அவள் கடிதம் சொன்ன விதத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு, தாய் எதிரே நிற்பதுபோலச் சண்டை பிடித்தாள்.

"அடி சண்டாளி ஆத்தா! நீ என்னைய வெளக்கமாத்தால அடிச்சுத்தானே வண்டியேத்துன? அந்தக் கோவம் எப்பவோ போயிருச்சு. போனது ஒனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் ரெண்டு வருசம் எழுதாம இருந்தேன்."

பிறகு சொன்னாள்: "இங்க அட்டை ரொம்ப. காலுல ஏறுனா மத்தவங்க மாதிரி நான் பிச்சுப் போடுறதில்ல. இந்தச் சீமையில என்னையத் தேடிக்கிட்டு வர்ற சொந்தம் அது ஒண்ணுதான்."

நான் எழுதியது இது: 'அன்புள்ள தாயாரவர்களுக்கு மகள் வணக்கமாய் எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும். இவ்விடம் மழை அதிகம்.'

அவள் பெருவிரலால் தாளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் போனபின் நான் இழுப்பறையைத் திறந்து, வேறொரு தாளில், அவள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் எழுதி வைத்தேன். ஏன் என்று கேட்டால், அப்போது எனக்கே தெரியாது. கைதான் எழுதியது.

அப்போது கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்துகொண்டிருந்த எனது நாவலில், இரத்தினபுரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண் தாய்க்குக் கடிதம் எழுதுவாள். அதுவரை அவள் பிரசங்க மேடையில் நிற்பவளைப் போலப் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கடிதத்தில் அந்த அட்டையைப் போட்டேன். கோபம் தணிந்ததை மறைத்த இரண்டு வருடத்தையும் போட்டேன். பத்திரிகையில் அது வெளியானதும், ஆசிரியர் முதன்முறையாக எனக்குத் தம் கைப்பட எழுதினார்: அடுத்த கடிதம் எப்போது? அடுத்த மழைக்கு அவள் வந்தாள். அதற்கடுத்த இரண்டு மழைகளுக்கும் வந்தாள். தாய்க்கு நான்கு கடிதங்கள் போயின, நான்கிலும் க்ஷேமம். பத்திரிகைக்கும் நான்கு கடிதங்கள் போயின. கேகாலையில் உத்தியோகத்தர் சிலர் நடத்திய வாசகர் சங்கத்தில் என்னை அழைத்துப் பேசச் சொன்னார்கள். அக்கடிதங்களின் நடை ஐரோப்பிய நாவல்களிலிருந்து நான் கற்றது என்று அங்கே சொன்னேன். கைதட்டினார்கள்.

அதற்குப் பின்வந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில், பின்னறையில் டிஸ்பென்சர் அட்டைக் கடிதம் வந்த பழைய பத்திரிகையை முழங்காலில் விரித்து வைத்திருந்தார்.

"உள்ளதைச் சொல்லுறன் காணும். இந்த அட்டை வசனம் நல்லாய்த்தான் இருக்கு. நானும் பதினைஞ்சு வருசமாய் அட்டைக்கடிக்கு மருந்து போடுறன். எனக்கு இப்பிடித் தோன்றேல்லை. எங்கை பிடிச்சனீர்?"

அவர் என்னைப் பாராட்டியது அதுவே முதல் முறை. "வாசிப்புத்தான்" என்றேன்.

அப்போது கடையின் முன்புறத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "மொதலாளி, ஊருலேருந்து கடுதாசி வந்திருக்குங்க. நேத்து அந்தியிலதான் கங்காணி குடுத்தாரு. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

குரலை உடனே அறிந்துகொண்டேன். நாங்கள் இருந்த அறைக்கும் கவுண்டருக்கும் இடையே ஒரு திரைச்சீலை மாத்திரமே தொங்கியது. முதலாளி எழுந்து போய் வாசிக்கத் தொடங்கினார். கடிதம் மகளுக்கு எழுதப்பட்டதன்று. அவளுக்காக எழுதுகிறவருக்கு எழுதப்பட்டது. ஊர் வாத்தியார் தாயின் பேச்சை அப்படியே பிடித்திருந்தார்.

'நீங்க யாரோ எங்களுக்குத் தெரியாது. நாலு கடுதாசி வந்துச்சு. நாலும் ஒண்ணு போலவே இருக்கு. எம்மக இப்படிப் பேசமாட்டா. தோட்டத்துக்கு வந்த மேலத்தெருப் பையன் அங்கயே காச்சல்ல செத்து ஒரு வருசம் வரைக்கும் அவன் பேருல இப்படித்தான் க்ஷேமம் க்ஷேமம்னு வந்துக்கிட்டிருந்துச்சு. எம்மக உசுரோட இருந்தா அவ வாயால சொன்னது ஒண்ணு எழுதி அனுப்புங்க. இல்லாட்டி ஆடி அமாவாசைக்கு அவ தம்பிய விட்டு எள்ளுந் தண்ணியும் எறைக்கச் சொல்லிடுறேன்.'

ஆடி அமாவாசைக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

அவள் கத்தினாள். "நாலும் ஒண்ணு போலயா? நான் அவளத் திட்டுனேனே! வெளக்கமாத்தச் சொன்னேனே! அட்டைய நான் பிச்சுப் போடுறதில்ல, என்னையத் தேடிக்கிட்டு வர்ற சொந்தம் அது ஒண்ணுதான்னு சொன்னேனே மொதலாளி! அதெல்லாம் எங்க போச்சு?"

டிஸ்பென்சர் பத்திரிகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பத்திரிகையை மெதுவாக நான்காக மடித்தார்.

"கடிதத்த ஆர் எழுதின?" என்று வெளியே முதலாளி கேட்பது காதில் விழுந்தது.

"எங்க பெரிய கிளாக்கரய்யாதாங்க."

முதலாளியும் அந்த வாரப் பத்திரிகையை வாசிப்பவரே. நான் பின்வாசலால் போயிருக்கலாம். முதலாளியே அவளுக்கு வேறொரு கடிதம் எழுதிக் கொடுத்திருப்பார். நண்பர்கள் இருவரும் என்னை வெளியே காட்டிக்கொடுத்திருக்கவும் மாட்டார்கள். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவளுடைய தாய் என்னிடம்தான் கேட்டிருந்தாள். என் கையெழுத்தையே தன் மகளின் சாவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரையை விலக்கிக்கொண்டு முன்னே போனேன்.

அவள் பதறிப்போய் முந்தானையை இழுத்து மூடினாள். "ஐயா இங்கதான் இருந்தீங்களா? நான் சொன்னத எழுதலீங்களா?"

"எழுதவில்லை" என்றேன். "அதை வேறோர் இடத்தில் எழுதினேன். ஒரு கதையில் போட்டேன். பத்திரிகையில் வந்திருக்கிறது."

"யாரு வாசிக்கிறாங்க?"

"கொழும்பில், கேகாலையில், இன்னும் பல ஊர்களில்."

"எங்காத்தா வாசிக்குமா?"

"இல்லை."

"அப்ப எனக்கென்னத்துக்குங்க அது?" என்றாள்.

என் வாழ்நாளில் என் எழுத்தைப் பற்றிப் பல விமரிசனங்களைக் கேட்டிருக்கிறேன். அச்சில் வந்த கடுமையான சிலவற்றுக்கு விடையும் எழுதியிருக்கிறேன். இந்த விமரிசனத்தை இன்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

முதலாளி கவுண்டரின் மேலிருந்த துணிகளை ஒருபுறம் ஒதுக்கினார். ஒரு தாளையும் தம் பேனாவையும் என்முன் வைத்தார். "கோட்டக் கழட்டிட்டு எழுதுங்க, கிளாக்கரய்யா. இது கொஞ்சம் வேர்க்கும்." நான் கோட்டைக் கழற்றவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தேன்.

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். "அடி ஆத்தா, நான் சாகல. நீ எள்ளு வாங்க வேணாம். வாங்கியிருந்தா உருண்டை புடிச்சுத் தம்பிக்குக் குடு..." இந்தத் தடவை மிக வேகமாகச் சொன்னாள். என் பேனா ஒவ்வொரு வரியிலும் தயங்கியது. இருபது வருடம் திருத்தியே பழகிய கை அது. டிஸ்பென்சர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். முடிந்ததும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

"சண்டாளின்னு சொன்னேனே, அத விட்டுட்டீங்களே?"

"தாயைச் சொல்லும் சொல்லா அது?"

"அத விட்டா எங்காத்தா நம்பாதுங்க. அதுக்கு நான் வச்ச பேரே அதுதான்."

"போடும் காணும்" என்றார் டிஸ்பென்சர். "அந்த ஒரு சொல்லுத்தான் இஞ்சை மருந்து."

போட்டேன். மூன்று இடங்களில் போட்டேன். அவள் கணக்குப் பார்ப்பவளைப் போலத் தலையசைத்துக்கொண்டே கேட்டாள். தபாற்கந்தோர் அன்று மூடியிருந்தது. தபால் மாஸ்டர் முதலாளியின் நண்பர். அவரை வீட்டிலிருந்து அழைத்துவந்து அடுத்த நாள் காலைப் பையிலேயே கடிதம் போகும்படி முதலாளி ஏற்பாடு செய்தார்.

அடுத்து வந்த மூன்று வாரங்களிலும் மழை ஓயவில்லை. பால்வெட்டு நின்றது. என் இழுப்பறை திறக்கவில்லை. பத்திரிகைக்கு அத்தியாயம் போகவில்லை; உடல்நலமில்லை என்று எழுதினேன். கடிதம் கொழும்புக்குப் போய், மன்னார் வழியாகக் கப்பலேறி, அங்கே எந்த நிலையத்தில் எத்தனை நாள் தங்கும் என்பதையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். ஆடி அமாவாசையன்று பெரட்டுக்களத்தில் அவளைக் கண்டேன். கூட்டத்திலிருந்து விலகி நின்று, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமாவாசை கழிந்த ஆறாம் நாள் பதில் வந்தது. தபால் பையிலிருந்து நானே எடுத்து, ஆளனுப்பி அவளை வரவழைத்து, தாழ்வாரத்தில் நின்று வாசித்தேன்.

'அடியே, ஒன் கடுதாசி அமாவாசைக்கு மூணு நாளைக்கு முன்னால வந்துச்சு. வாத்தியாரு சண்டாளின்னு வாசிக்கையிலயே எந்திரிச்சிட்டேன். எள்ளு வாங்கித்தான் வச்சிருந்தேன். நீ சொன்ன மாதிரி உருண்டை புடிச்சாச்சு. அடிச்சது தப்புத்தான். ஆனா நீ பேசுன பேச்சுக்கு எவளா இருந்தாலும் அடிச்சிருப்பா. அட்டைய வளக்காத, பிச்சுப் போடு. ரத்தம் போச்சுன்னா அங்க யாரு ஒனக்குச் சோறு போடுவா?'

மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை சிரித்தாள். பிறகு கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு லயத்துக்குப் போனாள். அதன்பின் அவள் கடிதம் எழுத என்னிடம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியிடம் போய்ச் சொல்லி எழுதுவித்தாள். அது அவளுடைய உரிமை.

எனது நாவலில் அப்பெண்ணின் கடிதங்கள் அத்தோடு நின்றன. மேலும் ஆறு அத்தியாயங்களில் கதையை முடித்தேன். பிற்பகுதி முற்பகுதியைப் போல இல்லை என்று வாசகர் சிலர் பத்திரிகைக்கு எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரி. நூலாக வந்தபோது முகவுரையில் கல்லூரி ஆசிரியர்களுக்கு நன்றி கூறினேன். அவளைக் குறிப்பிடவில்லை. டிஸ்பென்சர் நூலை வாங்கி, வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்து, முகவுரைக்கு வந்ததும் மூடிவைத்தார். அதைப்பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசவில்லை. அதுவே அவர் எனக்குச் செய்த மிகப்பெரிய கண்டனம்.

எங்கள் ஞாயிறுகள் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தன. முதலாளி அவளுக்காக எழுதும் கடிதங்களைப் பற்றி நான் வெகுகாலம் வாய் திறக்கவில்லை. ஒருநாள், அவள் சற்று முன்னர்தான் கடையிலிருந்து இறங்கிப் போனதைப் பார்த்துவிட்டு, பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"இன்றைக்கு என்ன சொன்னாள்?"

முதலாளி உறையின் விளிம்பைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். "நல்ல பேச்சு" என்றார். "ராவெல்லாம் மனசுல இரிக்கும். எனக்கும் கையரிக்கித்தான், கிளாக்கரய்யா. என்ட கதையில வார ராஜகுமாரிக்கு அப்படியே பொருந்தும்."

"அப்படியென்றால், சொல்லுங்களேன்."

அவர் உறையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். ஒட்டியதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அது சொல்ல ஏலா" என்றார். "அது அவட உம்மாவுக்கு."